எல்லா சென்சாரும் நலம், ஆனாலும் ராக்கெட் தோற்றது ஏன்? டேட்டா ஸ்ட்ரீமுக்கு டெஸ்ட் எழுதுபவர்களுக்கு ஒரு விளக்கம்

2022 ஆகஸ்ட் 7, ஞாயிற்றுக்கிழமை காலை 9.18 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்எஸ்எல்வி என்ற புதிய சிறிய ராக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. 34 மீட்டர் உயரம், 120 டன் எடை. மூன்று திட எரிபொருள் நிலைகளும் எரிந்து முடிந்தன. மேலே இருந்த இரண்டு செயற்கைக்கோள்களும் பிரிந்தன. டிவியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டத் தயாரானார்கள்.

ஆனால் செயற்கைக்கோள்கள் போய்ச் சேர்ந்த இடம் தப்பு. 356 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டியவை, ஒரு பக்கம் 356, மறுபக்கம் வெறும் 76 கி.மீ. என்ற நீள்வட்டத்தில் விழுந்துவிட்டன. 76 கி.மீ. என்றால் காற்று மண்டலத்துக்குள். அங்கே எந்தச் செயற்கைக்கோளும் தாங்காது. அன்றைக்கே 'இனி இவை பயன்படாது' என்று இஸ்ரோ அறிவித்தது. போன இரண்டில் ஒன்று ஆசாதிசாட். நாடு முழுக்க 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள், சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா வழிகாட்டுதலில் சேர்ந்து செய்தது. மதுரை பக்கம் திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவிகளும் அதில் இருந்தார்கள்.

என்ன உடைந்தது? எஞ்சின் உடையவில்லை. சென்சாரும் உடையவில்லை. சென்சார்களிலிருந்து வந்த டேட்டாவைப் பார்த்து, 'இவை கெட்டுப்போய்விட்டன' என்று முடிவெடுத்த சாஃப்ட்வேர் லாஜிக்தான் சறுக்கியது.

நீங்கள் ராக்கெட்டுக்குக் கோட் எழுதுபவராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் பேமென்ட் ஈவென்ட்ஸ், டெலிவரி வண்டியின் லொகேஷன், மீட்டர் ரீடிங், சர்வர் லாக் என்று ஏதாவது ஒரு ஸ்ட்ரீமை வாங்கி, 'இது சரி, இது தப்பு' என்று முடிவெடுக்கும் கோட் உங்கள் ரெப்போவில் எங்கோ நிச்சயம் இருக்கும். அதற்கு யூனிட் டெஸ்ட் இருக்கிறதா? இருந்தால், அந்த டெஸ்டில் உள்ள அசெர்ஷன் எதைக் கேட்கிறது?

தும்பாவில் எடுத்த முடிவு

நாகர்கோவிலிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ காலை ரயில் பிடித்து, கழக்கூட்டத்தில் இறங்கி டெக்னோபார்க் போகிறவர்களுக்கு இந்த ஊர் பழகிய ஊர். 1990-ல் தொடங்கிய அந்த பார்க்கிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் கடற்கரையில் இருப்பது தும்பா. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய இடம். இஸ்ரோவின் ராக்கெட்டுகளை வடிவமைக்கும் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் இங்கேதான் இருக்கிறது. ராக்கெட்டின் திசையும் வேகமும் அறியும் கருவிகளைச் செய்யும் இஸ்ரோ பிரிவு, அதே திருவனந்தபுரத்தில் வட்டியூர்க்காவில் இருக்கிறது. ஆக, எஸ்எஸ்எல்வி கதை இந்த ஊரின் கதைதான்.

ராக்கெட்டுக்கு 'நான் எவ்வளவு வேகத்தில் போகிறேன்' என்று தெரிவது முடுக்கமானிகள் மூலமாக. அதாவது ஆக்சிலரோமீட்டர். உங்கள் போனைத் திருப்பினால் திரை திரும்புகிறதே, அதற்கு உதவும் சின்னச் சில்லின் பெரிய அண்ணன். ஒவ்வொரு நொடியும் பலமுறை முடுக்கத்தை அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைக் கூட்டிக்கூட்டித்தான் வேகம் கணக்கிடப்படுகிறது. இது சுத்தமான டேட்டா ஸ்ட்ரீம்: ஒன்றன்பின் ஒன்றாக எண்கள், நிற்காமல்.

சென்சார் கெடலாம் என்பதால், ஸ்ட்ரீமைக் கண்காணிக்க ஒரு லாஜிக் உண்டு. பழுதைக் கண்டுபிடித்து ஒதுக்குவது அதன் வேலை. அளவுக்கு மீறிய எண் சிறிது நேரம் தொடர்ந்து வந்தால் 'இந்த சென்சார் அவுட்' என்று அறிவிக்கும். இரண்டாம் நிலை பிரிந்தபோது, கருவிகள் பொருத்தியிருந்த தளத்தில் குறுகிய நேரத்துக்கு ஓர் அதிர்வு வந்தது. தரையில் சோதித்தபோது பார்த்ததைவிடப் பலமான அதிர்வு. முடுக்கமானிகள் அதை உண்மையாகவே அளந்து, தங்கள் எல்லையை முட்டி நின்றன. லாஜிக் பார்த்தது, 'எல்லாம் கெட்டுப்போச்சு' என்று முடிவுகட்டியது. ராக்கெட் காப்பாற்றும் முறைக்கு மாறியது. அதாவது சென்சாரை நம்பாமல், முன்பே எழுதி வைத்த திட்டப்படி கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவது. அதிர்வு அடங்கியது, சென்சார்கள் பழையபடி சரியான எண்ணைத் தந்தன. ஆனால் கேட்க ஆளில்லை.

356 கி.மீ. உயரத்தில் வட்டமாகச் சுற்ற நொடிக்குச் சுமார் 7.7 கி.மீ. வேகம் வேண்டும். அதில் ஒரே ஒரு சதவீதம் குறைந்தாலும், பூமியின் எதிர்ப்பக்கம் வரும்போது பாதை 270 கி.மீ. அளவுக்குத் தாழ்ந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும் வண்டிக்கு அந்த ஒரு சதவீதத்தைப் பிடிக்க வழியே இல்லை.

ஸ்ட்ரீம் என்றால் அசெர்ஷன் ஏன் மாறுகிறது?

அசெர்ஷன் என்பது டெஸ்டின் கடைசி வரி. 'இது இப்படித்தான் இருக்கணும், இல்லேன்னா ஃபெயில்' என்று சத்தியம் செய்யும் வரி. 2-ம் 3-ம் கூட்டினால் 5 வரணும். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. அவ்ளோதான்.

ஸ்ட்ரீமில் இது போதாது. ஏனென்றால் அங்கே ஒரு விடை கிடையாது. காலப்போக்கில் வரும் பல விடைகள். அவை சரியான வரிசையில் வந்தனவா, சரியான நேரத்தில் வந்தனவா, ஒன்று இரண்டு தடவை வந்ததா, ஏதாவது விட்டுப்போனதா, கடைசியில் முறையாக முடிந்ததா அல்லது சத்தமில்லாமல் நின்றுபோனதா? இதில் எதைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அசெர்ஷன் மாறும். பலர் எழுதும் டெஸ்ட், எல்லாவற்றையும் ஒரு லிஸ்டில் கொட்டி, இன்னொரு லிஸ்டோடு சமமா என்று கேட்கும். சின்ன உதாரணத்துக்கு அது சரி. ஆனால் அது கேட்காமல் விடுவதுதான் அதிகம்.

முதலில் ஒரு அவமானக் கதை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், மீட்டர் ரீடிங் ஒவ்வொன்றும் பூஜ்ஜியத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டை நான்தான் எழுதினேன். மாதக்கணக்கில் பச்சை. "டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சுண்ணா, மெர்ஜ் பண்ணிடலாமா?" என்று ஜூனியர் கேட்பதும், "பண்ணிடு தம்பி" என்று நான் சொல்வதும் வழக்கம். ஒருநாள் பார்த்தால், சாம்பிள் ஃபைலின் பெயரை யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஸ்ட்ரீமில் ஒரு ரீடிங்கூட வரவில்லை. காலியான ஸ்ட்ரீமிடம் 'எல்லாம் பூஜ்ஜியத்துக்கு மேலா?' என்று கேட்டால், 'ஆமாம்' என்றுதான் பதில் வரும். பைத்தானின் 'ஆல்' அப்படித்தான், ஜாவாவின் 'ஆல்மேட்ச்' அப்படித்தான். கணிதப்படி அது சரியும்கூட. வீட்டில் மாடே இல்லாதவர், 'என் மாடுகள் எல்லாம் நன்றாகக் கறக்கும்' என்றால் அது பொய்யில்லையே!

அதனால் 'எல்லாம் இப்படி' என்று கேட்கும் ஒவ்வொரு அசெர்ஷனுக்கும் முன்னால், 'எத்தனை வந்தது?' என்று ஒரு வரி எழுதுங்கள். 1,000 ரீடிங் கொடுத்தால் 1,000 வந்ததா என்று. இந்த ஒரு வரி என்னைப் பல தடவை காப்பாற்றியிருக்கிறது.

இதற்கு ஒரு தங்கச்சி உண்டு. பைத்தான் ஜெனரேட்டரை ஒருமுறைதான் படிக்க முடியும். டீபக் செய்வதற்காக நடுவில் அதை லிஸ்டாக்கி பிரிண்ட் போட்டீர்கள் என்றால், கீழே உள்ள அசெர்ஷனுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. ஜாவாவில் ஸ்ட்ரீமை இரண்டாம் முறை தொட்டால் எக்செப்ஷன் எறிந்து கத்தும். பைத்தான் கத்தாது, காலியாகக் கொடுத்துவிட்டுப் போகும். பாஸ்!

எண் இல்லாத எண்

சென்சார் டேட்டா என்றால் தசம எண்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் கம்ப்யூட்டரில் சரியாக 0.3 வராது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனவே சமமா என்று கேட்காமல், 'கிட்டத்தட்ட சமமா' என்று கேட்க வேண்டும். பைடெஸ்டில் அதற்கு 'அப்ராக்ஸ்' இருக்கிறது. சொல்லாவிட்டால் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தை மன்னிக்கும். பெரிய எண்ணுக்கு அது நல்ல அளவு. ஆனால் நின்றுகொண்டிருக்கும் வண்டியின் வேகம் போல, எதிர்பார்க்கும் விடையே பூஜ்ஜியம் என்றால், பூஜ்ஜியத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கும் பூஜ்ஜியம்தான். அங்கே எவ்வளவு வித்தியாசம் பரவாயில்லை என்பதை நீங்களே ஓர் எண்ணாகச் சொல்ல வேண்டும். அந்த எண் எங்கிருந்து வரும்? டெஸ்ட் பாஸ் ஆகும்வரை கூட்டிக்கொண்டே போவதிலிருந்து அல்ல. சென்சாரின் டேட்டாஷீட்டிலிருந்து வரணும்.

இதைவிட ஆபத்தானது 'நேன்' என்ற மதிப்பு. 'இது ஓர் எண்ணே அல்ல' என்று அர்த்தம். பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் வரும், சென்சார் ஒயர் பிடுங்கினாலும் சில டிரைவர்கள் இதை அனுப்பும். இதன் குணம் விசித்திரமானது. 100-ஐவிடப் பெரிதா? இல்லை. 100-ஐவிடச் சிறிதா? இல்லை. தனக்குத்தானே சமமா? அதுவும் இல்லை! இப்போது உங்கள் கோட், 'பிழை எல்லையைவிடப் பெரிதாக இருந்தால் நிறுத்து' என்று எழுதப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். நேன் வந்தால் 'பெரிதில்லை' என்று உள்ளே விட்டுவிடும். அதையே 'எல்லைக்குள் இருந்தால் மட்டும் விடு' என்று திருப்பி எழுதினால் நேன் வெளியே நிற்கும். இரண்டும் ஒரே அர்த்தம் என்றுதான் படிக்கும்போது தோன்றும். ஸ்ட்ரீமின் நடுவில் ஒரே ஒரு நேனைச் செருகி டெஸ்ட் எழுதிப் பாருங்கள், உங்கள் கோட் எந்த ரகம் என்று ஒரு நிமிடத்தில் தெரியும்.

'தமிழ்' என்ற சொல்லை 14 இடத்தில் வெட்டிப் பாருங்கள்

ஸ்ட்ரீம் ஒரே வீச்சில் வராது, துண்டுதுண்டாக வரும். நெட்வொர்க் எங்கே வெட்டும் என்பது உங்கள் கையில் இல்லை. ஆங்கில எழுத்தில் மட்டும் டெஸ்ட் செய்பவர்களுக்கு இதில் ஒரு பள்ளம் கண்ணிலேயே படாது. நமக்குப் படும்.

யுடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்து 1 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள், மொத்தம் 15 பைட். இதை இரண்டாக வெட்ட 14 இடம் உண்டு. அதில் 4 இடத்தில் வெட்டினால்தான் குறியீடு முழுசாக இருக்கும். மீதி 10 இடத்தில் எங்கே வெட்டினாலும் ஒரு குறியீடு நடுவில் பிளந்துவிடும். துண்டு கைக்கு வந்ததுமே எழுத்தாக மாற்றும் கோட், அந்த இடத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்பு டைமண்டைக் காட்டும் அல்லது நேராக விழுந்துவிடும். தமிழ்ப் பெயரோடு வரும் பில்லில் எப்போதாவது ஒரு எழுத்து மட்டும் சிதைந்து வருவதைப் பார்த்திருப்பீர்களே? பல நேரம் காரணம் இதுதான்.

இதற்கான அசெர்ஷன் அழகானது: எங்கே வெட்டினாலும் விடை ஒன்றாக இருக்கணும். 14 இடத்திலும் ஒரு லூப் போட்டு வெட்டி, ஒவ்வொரு முறையும் முழுச் சொல் திரும்பக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். இதில் நீங்கள் குறிப்பிட்ட விடையைச் சொல்லவில்லை, ஒரு குணத்தைச் சொல்கிறீர்கள். ஹாஸ்கெல் மொழிக்காக வெளியான குயிக்செக் என்ற கருவி இந்த எண்ணத்தைப் பிரபலமாக்கியது. இன்றைக்குப் பைத்தானில் ஹைப்பாதிஸிஸ் அதே வேலையைச் செய்கிறது. நீங்கள் குணத்தைச் சொன்னால் போதும், கருவி நூற்றுக்கணக்கான உள்ளீடுகளைத் தானே உருவாக்கி உடைக்கப் பார்க்கும். உடைந்தால், உடைக்கும் மிகச் சிறிய உதாரணம் வரை சுருக்கியும் கொடுக்கும். ஸ்ட்ரீமுக்கு இப்படிப் பல குணங்கள் உண்டு: நேரம் பின்னோக்கிப் போகக் கூடாது. ஒரே ஈவென்ட் இரண்டு முறை வந்தாலும் அக்கவுன்ட்டில் பணம் ஒருமுறைதான் கழியணும்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. '5 நொடி எதுவும் வரவில்லை என்றால் எச்சரி' என்ற லாஜிக்கை டெஸ்ட் செய்ய, நிஜமாகவே 5 நொடி தூங்கும் டெஸ்ட் எழுதாதீர்கள். மெதுவாகவும் இருக்கும், பில்ட் சர்வர் பிஸியாக இருக்கும் நாளில் காரணமில்லாமல் சிவப்பாகவும் மாறும். கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுங்கள். ஆர்எக்ஸ்ஜேஎஸ், ரியாக்டர் போன்ற லைப்ரரிகளில் இதற்கென்றே போலிக் கடிகாரம் உண்டு. முள்ளை நீங்களே 5 நொடி தள்ளிவிட்டு, எச்சரிக்கை வந்ததா என்று கேட்கலாம். 4.999 நொடியில் வரவில்லை என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

அந்த டெஸ்டை எப்படி எழுதியிருப்பீர்கள்?

இப்போது எஸ்எஸ்எல்வி மாதிரி ஒரு லாஜிக் உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் என் உதாரணம், இஸ்ரோவின் எண்கள் அல்ல. 6 சென்சார். 10 மில்லி விநாடிக்கு ஒரு ரீடிங். எல்லை 100. தொடர்ந்து 3 ரீடிங் எல்லையைத் தாண்டினால் அந்த சென்சார் அவுட்.

நல்ல டெவலப்பர் என்ன செய்வார்? எல்லையில் டெஸ்ட் எழுதுவார். ஒரு சென்சாரில் 2 ரீடிங் தாண்டி, பிறகு சரியானால் அவுட் ஆகக் கூடாது. 3 ரீடிங் தாண்டினால் ஆகணும். இரண்டும் பாஸ். கவரேஜ் ரிப்போர்ட் 100 சதவீதம். ரிவ்யூவில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

ஒருவர் மட்டும் கேட்கிறார்: "சரி, ஆறும் ஒரே நேரத்துல 5 ரீடிங் தாண்டிட்டு, அப்புறம் பழையபடி ஆயிட்டா என்ன ஆகணும்?"

இங்கேதான் விஷயமே. கோடைப் பார்த்து விடை எழுதினால், 'ஆறும் அவுட்' என்பதே எதிர்பார்ப்பாக எழுதப்படும். டெஸ்ட் பாஸ் ஆகும். கோட் என்ன செய்கிறது என்பதை அப்படியே பிரதி எடுக்கும் டெஸ்ட், கோட் செய்வது சரியா என்று ஒருநாளும் சொல்லாது. எதிர்பார்ப்பு வேறு இடத்திலிருந்து வரணும். ஒரு சென்சார் ஒரு பயணத்தில் கெட ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு என்று வையுங்கள். ஆறும் தனித்தனிக் காரணத்தால் ஒரே பயணத்தில் கெட, ஒன்றுக்குப் பின்னால் 18 சுழியம் போட்டால் வரும் எண்ணில் ஒரு வாய்ப்பு. அதுவும் ஒரே கணத்தில் என்றால் இன்னும் குறைவு. அதைவிட, ஆறையும் தாங்கும் தளம் ஒரு குலுக்கு குலுங்கியது என்பதுதானே நம்பும்படி இருக்கிறது? வீட்டில் எல்லா பல்பும் ஒரே நொடியில் அணைந்தால், நீங்கள் ஆறு பல்பு வாங்கக் கடைக்கு ஓட மாட்டீர்கள். ஃபியூஸைத்தான் பார்ப்பீர்கள்.

அப்படியானால் சரியான அசெர்ஷன் என்ன? ஆறும் சேர்ந்து தாண்டினால் நிலை 'நலம்' என்பதிலிருந்து 'சந்தேகம்' என்று மாறணும், சென்சார்கள் திரும்பியதும் மறுபடி 'நலம்' ஆகணும், நடுவில் எங்கேயும் 'அவுட்' வரவே கூடாது. கடைசி நிலையை மட்டும் கேட்டால் போதாது, வழியில் வந்த ஒவ்வொரு நிலையையும் கேட்க வேண்டும். ஏனென்றால் 'அவுட்' என்று ஒரு கணம் வந்தாலே, அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு கோட் திரும்ப முடியாத முடிவை எடுத்துவிடும்.

இதைப் படித்ததும் 'சரி, 3 ரீடிங்கை 50 ஆக்கிட்டா போச்சு' என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். நிஜமாகவே கெட்ட சென்சார், முடுக்கத்தை நொடிக்கு நொடி 10 மீட்டர் அதிகமாகக் காட்டுகிறது என்றால், ஒரு நொடி தாமதமாகக் கண்டுபிடித்தாலும் வேகக் கணக்கில் நொடிக்கு 10 மீட்டர் பிழை ஏறிவிடும். முன்பு சொன்ன சுற்றுப்பாதையில் அந்த 10 மீட்டர், எதிர்ப்பக்கத்தில் ஏறக்குறைய 35 கி.மீ. உயரம். எனவே ஜோடியாக எழுதுங்கள்: நல்ல சென்சாரைத் தப்பாக ஒதுக்கவில்லை என்று ஒரு டெஸ்ட், கெட்ட சென்சாரை இத்தனை மில்லி விநாடிக்குள் ஒதுக்கியது என்று ஒரு டெஸ்ட். ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை உடைத்தால் உடனே தெரிந்துவிடும். வங்கியில் மோசடி எச்சரிக்கை எழுதுபவர்களுக்கும் இதே தராசுதான். நல்ல கஸ்டமரின் கார்டை முடக்கவும் கூடாது, திருடனை விடவும் கூடாது.

இது இந்தியாவுக்கு மட்டும் நடந்ததா?

இல்லை. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஆரியான் 5 தன் முதல் பயணத்தில், பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் வானில் சிதறியது. அதன் திசையறியும் கருவியின் சாஃப்ட்வேர், பழைய ஆரியான் 4-லிருந்து அப்படியே எடுத்தது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் அதில் இருந்தது. 16 பிட்டில் 32,767-க்கு மேல் அடங்காது. ஆரியான் 4 பறந்த பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு பெரிதாக வந்ததே இல்லை. புதிய ராக்கெட் வேறு பாதையில், அதிக வேகத்தில் போனது. எண் நிரம்பி வழிந்தது, கருவி நின்றது. மாற்றுக் கருவி இருந்ததே? இருந்தது. அதே சாஃப்ட்வேர், அதே உள்ளீடு. அது 72 மில்லி விநாடிக்கு முன்பே அதே காரணத்தால் நின்றுவிட்டிருந்தது.

ஸ்ட்ரீம் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது இதற்கு அடுத்து நடந்தது. நின்றுபோன கருவி தன் பழுதை விவரிக்கும் பிட்டுகளை அனுப்பியது, டேட்டா போகும் அதே வழியில். முதன்மைக் கம்ப்யூட்டர் அதைப் பறக்கும் கோணம் என்று நினைத்துக்கொண்டு, இல்லாத சாய்வைச் சரிசெய்ய எஞ்சின் முனைகளை முழுவதுமாகத் திருப்பியது. ராக்கெட் ஒடிந்தது. உங்கள் ஸ்ட்ரீமிலும் 'மைனஸ் 1', '9999' என்று பிழையைக் குறிக்கும் எண்கள் டேட்டாவோடு கலந்து ஓடுகின்றனவா? ஓடினால், சராசரி எடுக்கும் ஃபங்ஷனுக்குள் ஒரு 9999-ஐ விட்டு, வெளியே என்ன வருகிறது என்று இன்றைக்கே ஓர் அசெர்ஷன் எழுதிவிடுங்கள்.

ஆரியான் விசாரணைக் குழு சொன்ன குறைகளில் முக்கியமானது, அந்தக் கருவியைப் புதிய ராக்கெட்டின் பாதை டேட்டாவைக் கொடுத்துச் சோதிக்கவே இல்லை என்பது. எஸ்எஸ்எல்வியிலும் தரையில் பார்த்த அதிர்வு வேறு, வானில் வந்த அதிர்வு வேறு. நாம் கையால் தட்டும் 10, 20, 30 என்ற அழகான சாம்பிள் எண்களுக்கும் நிஜத்துக்கும் உள்ள தூரமும் இதேதான். புரொடக்‌ஷனில் ஒரு பிரச்சனை வந்த நாளின் ஸ்ட்ரீமை, கஸ்டமர் விவரங்களை அழித்துவிட்டு, ஒரு ஃபைலாகப் பதிந்து டெஸ்ட் ஃபோல்டரில் வையுங்கள். அதைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது, கற்பனையில் எழுதும் பத்து டெஸ்டைவிட மேல் என்பது என் அனுபவம்.

அப்படிப் பதிந்த ஸ்ட்ரீமில் ஒரு லட்சம் ரீடிங் இருக்கும். அசெர்ஷன் உடையும்போது 'எதிர்பார்த்தது ட்ரூ, கிடைத்தது ஃபால்ஸ்' என்று மட்டும் வந்தால், ராத்திரி 2 மணிக்கு அதைப் பார்ப்பவர் உங்களைத் திட்டுவார். பெரும்பாலும் அவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். எந்த இடத்தில் முதலில் விலகியது, அந்த நேரம் என்ன, அதற்கு முன்னும் பின்னும் ஐந்து ரீடிங் என்ன என்று செய்தியிலேயே போடுங்கள்.

எஸ்எஸ்எல்விக்கு வருவோம். விசாரணைக்குப் பிறகு இரண்டாம் நிலை பிரியும் அமைப்பை இஸ்ரோ மாற்றியது, அதிர்ச்சி குறையும்படி. கூடவே, சென்சார் பழுதைத் தீர்மானிக்கும் லாஜிக்கும் நிஜ நிலைமைக்கு ஏற்றபடி திருத்தி எழுதப்பட்டது. ஆறு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 10 அன்று இரண்டாவது எஸ்எஸ்எல்வி கிளம்பி, மூன்று செயற்கைக்கோள்களை 450 கி.மீ. வட்டப் பாதையில் கொண்டுபோய் விட்டது. அதில் ஒன்றின் பெயர் ஆசாதிசாட்-2. முதல்முறை கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே திட்டத்தின் மாணவிகளுடையது.